கலங்கலில் ஒட்டிக்கிடந்தவை

நவம்பர் வந்தால் ஓய்வூதியம் வாங்கும் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை வந்துவிடுகிறது. உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். விரலை வைத்தால் ரேகை தெரியவில்லை என்கிறது கருவி. முகத்தைக் காட்டினால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. சிமிட்டுகிறோம். நான் நடைமுறைகளைப் பழிப்பவன் அல்ல. வேலையில் இருந்த காலம் முழுக்கப் பணியாளர் விதிகளோடுதான் குடும்பம் நடத்தினேன். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எதற்காகத் தூங்கும் என்பதைத் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் மழையில் அந்த வரிசையில் நிற்கும்போதெல்லாம் வேறொரு மழைக்காலம் நினைவுக்கு வருகிறது. அதை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். அதில் ஒரு துண்டு எனக்குத் தெரியாமலே இருந்தது. இந்த மழையில் அதுவும் கிடைத்துவிட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து லேத்தில் நின்றவர். அந்த வருஷம் ஆடி மாதம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்.

இறந்தவரும் நிலுவையில்லாச் சான்று வாங்கியாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அப்பாவின் டோக்கனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். எண் பொறித்த பித்தளை வில்லை. அம்மா அரிசிப் பானைக்குள், தலையணை உறைக்குள், அவருடைய சட்டைப் பைகளில் எல்லாம் தேடினாள். பக்கத்து வீட்டு மாமா வந்துதான் சொன்னார்: “அது ஊட்டுக்கே வராதும்மா. கேட்ல பலகையில ஆணி அடிச்சு மாட்டியிருப்பாங்க. அங்கதான் தொங்கினு கீது.” ஒருபோதும் வீட்டுக்கு வராத ஒரு பொருளுக்காக அம்மா வீட்டைக் கவிழ்த்திருந்தாள்.

அந்த மாமா அம்பத்தூரின் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். தொழிற்சாலையில் நலப் பிரிவு எழுத்தர். எங்கள் வரிசையில் யாருக்கு எந்தப் படிவம் என்றாலும் அவர் வீட்டு வாசலில்தான் செருப்புகள் கிடக்கும்.

அக்கா பட்டணத்துக் கல்லூரியில் விலங்கியல் கடைசி வருஷம். காலையில் லோக்கல் ரயிலில் போய் மாலையில் வருவாள். குவார்ட்டர்ஸில் வெள்ளைக் கோட்டு வைத்திருந்த பெண் அவள் ஒருத்திதான். அது கொடியில் காயும்போது, நர்ஸ் வேலைக்குப் போகிறாளா என்று கேட்பார்கள். அப்பா திருத்துவார்: “நர்ஸ் இல்லவே, சயின்டிஸ்ட்.” ஏப்ரலில் பரீட்சை. அதற்கு முன் ஒவ்வொரு மாணவியும் ஏதாவது ஒரு வகை உயிரினத்தைச் சேகரித்து, பெயரிட்டு, விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். தோழிகளுக்குப் பட்டாம்பூச்சியும் வண்டும் கிடைத்திருந்தன. அக்காவுக்கு எதிலும் மனம் ஓடவில்லை. கல்லூரிக்குப் போவாள், வருவாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அப்பா இல்லாததால் எங்களுக்குத் தீபாவளி இல்லை. தீபாவளி கழிந்த ஒரு மாலை, அக்கா பாவாடை தாவணியெல்லாம் நனைந்து, முழங்கையில் சிராய்ப்போடு வந்தாள். எங்கே போனாய் என்று அம்மா கேட்டதற்கு, “பிராக்டிகலுக்கு என்ன எடுக்கறதுன்னு தெரியாம இருந்துச்சு. கிடைச்சிருச்சு” என்றாள். மறுநாள் கல்லூரியிலிருந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

“வாடா, பாட்டில் புடிக்க ஆள் வேணும்.”

வெள்ளானூர் போகும் பக்கம் ஒரு ஏரி. நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையில் ஓரிடத்தில் தாழ்வாகக் கருங்கல் கட்டி வைத்திருந்தார்கள். அதற்குக் கலங்கல் என்று பெயர். கலங்கல் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் வழியும். அந்த வருஷம் வழிந்தது. மேலே கண்ணாடி மாதிரி வளைந்து, சரிவில் வெள்ளையாகக் கிழிந்து, கீழே கால்வாயில் கற்களுக்கு நடுவே இரைந்து ஓடியது. பேசுவதானால் கத்த வேண்டும். நனைந்த சுண்ணாம்பும் பாசியும் கலந்த வாசனை. நான் கரையில் உட்கார வேண்டும். அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குனிவாள். சேகரிக்கும் கருவி எங்கள் வீட்டு டீ வடிகட்டி. ஆஸ்பத்திரியில் ஊசிமருந்து தீர்ந்த குட்டி பாட்டில்களைக் கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கியிருந்தாள். அதில் ஸ்பிரிட். மூடியைத் திறந்து பிடிப்பது என் வேலை.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்லில் கறுப்பாகப் பாசி படிந்ததுபோல் இருந்தது. உற்றுப் பார்த்தபோது அந்தப் பாசி நெளிந்தது. அரிசியளவுப் புழுக்கள், நூற்றுக்கணக்கில். பின்பக்கத்தைக் கல்லில் ஊன்றி, தலையை நீர் போகும் திசையில் தொங்கவிட்டு ஆடிக்கொண்டிருந்தன.

“இவ்ளோ தண்ணியில எப்படிக்கா அடிச்சுக்கிட்டுப் போகாம இருக்கு?”

“வாயிலேருந்து பட்டு மாதிரி ஒண்ணு விடும். அதைக் கல்லுல அப்பி வச்சு, பின்னாடி இருக்கிற கொக்கியை அதுல மாட்டிக்கும். தலையில ரெண்டு விசிறி இருக்கு பாரு. தண்ணி கொண்டுவர்றதை அதுல வடிகட்டித் தின்னும். சாப்பாட்டைத் தேடி எங்கயும் போறதில்ல.”

நான் துடைப்பக் குச்சியால் ஒன்றைத் தள்ளினேன். சட்டென்று காணாமல் போயிற்று.

“செத்துப்போச்சு.”

“கீழ பாரு, முட்டாள்.”

ஒரு சாண் கீழே அது நின்றது. கண்ணுக்குத் தெரியாத நூல் ஒன்றின் முனையில், வெள்ளத்தின் நடுவே தொங்கியது. பிறகு மெதுவாக அந்த நூலைப் பிடித்து ஏறத் தொடங்கியது. பழைய இடத்துக்கு வந்து சேரும்வரை நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அக்கா சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கல்லைப் புரட்டினால் அடியில் வேறு குடித்தனங்கள். உடம்பு முழுக்க அழுத்திவிட்டதுபோல் தட்டையாக, மூன்று வாலோடு ஒரு பூச்சி. கல்லை விட்டு எடுக்க வடிகட்டியின் விளிம்பால் நெம்ப வேண்டும். மணலையும் பொடிக் கல்லையும் வாயிலிருந்து விடும் பட்டு நூலால் ஒட்டி, குழல்போல் வீடு கட்டி, அதை இழுத்துக்கொண்டே திரியும் புழு ஒன்று. இரண்டு கற்களுக்கு நடுவே மீனவர்போல் வலை விரித்து, ஓரத்தில் பதுங்கியிருக்கும் இன்னொன்று.

“உன் விரலைக் கல்லோட ஒட்டி வை” என்றாள் ஒருநாள். “மேல தண்ணி அடிக்குதுல்ல? கல்லை ஒட்டி நூலளவு தண்ணி மட்டும் ஏறக்குறைய நகராது. அந்தத் தட்டைப் பூச்சி அந்த நூலுக்குள்ளதான் குடியிருக்கு. மேல வெள்ளம் போறதே அதுக்குத் தெரியாது.”

“உனக்கு யாரு சொன்னா?”

“புக்குல இருக்கு. ஆனா புக்குல படிச்சப்ப நான் நம்பல.”

உயிரோடு வளர்த்துப் பார்க்கலாம் என்று எனாமல் பேசினில் ஏரித் தண்ணீரும் கல்லுமாகச் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். காலையில் எல்லாம் செத்துக் கிடந்தன. இழுக்கிற வெள்ளம் இல்லை, அடிக்கிற அலை இல்லை, அப்புறம் என்ன குறை என்று நான் அழுதேன். ஓடுகிற தண்ணீரில்தான் அவற்றுக்கு மூச்சு, நின்ற தண்ணீரில் மூச்சு முட்டிவிடும் என்று அக்கா சொன்னாள். அம்மாவின் கவலை வேறாக இருந்தது.

“டீ வடிகட்டி எங்கட்டி?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அன்று நாங்கள் குடித்த டீயில் இலை மிதந்தது.

கலங்கல் பக்கம் எருமை ஓட்டி வரும் அம்மாள் ஒருத்தி உண்டு. வெள்ளானூர்க்காரி. அக்காவைப் பார்த்து ஒருநாள் கரையிலிருந்து கத்தினாள்:

“இன்னா பாப்பா, தண்ணிக்குள்ள இன்னா தேடிக்கினு கீற? கம்மல் கிம்மல் உய்ந்திச்சா?”

“பூச்சி பாக்கறேம்மா.”

“பூச்சியா? எங்க ஊட்டாண்ட வா, கூரையில வண்டி வண்டியா கீது. அதுக்கு இந்த வெள்ளத்துல எறங்கணுமா?”

அவள் கெட்டவள் அல்ல. எருமைகள்கூடத் தயங்கும் தண்ணீரில், அப்பன் செத்த வீட்டுப் பெண் தலையைக் குனிந்து நாள்தோறும் நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் கேட்கும்? பால் ஊற்ற வந்தவள் அம்மாவைத் தனியே கூப்பிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

“தப்பா எட்துக்காதம்மா. ஒரு நாள் சாங்காலம் உம்பொண்ணு தனியா வந்து கலங்கல் மேல ஏறி நின்னுச்சு. அப்பாலிக்கா தெனிக்கும் வருது. பையன கரையில குந்த வச்சிட்டு, தலைய கவுத்துக்கினே கீது. எனக்கு ஒண்ணும் நல்லாப் படல. வயசுப் பொண்ணு. பாத்துக்கோ.”

அம்மா கேட்டுக்கொண்டே செம்பைக் கீழே வைத்தாள். பால் தளும்பிக் கொட்டியது.

ஊரிலிருந்து பெரியப்பா வரவழைக்கப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் கூடினார்கள்: பெரியப்பா, பக்கத்து வீட்டு மாமா, அம்மா. அக்கா சுவரோரம் நின்றாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது.

மாமாதான் தொடங்கினார். அப்பா வேலையிலிருக்கும்போது இறந்ததால் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. பாப்பா படித்திருக்கிறாள்; எழுத்தராகவே எடுத்துக்கொள்வார்கள். குவார்ட்டர்ஸும் தங்கும். “ஆனா ஒரு கெடு கீது. பொங்கலுக்குள்ள ஆள் சேரணும். தாண்டிட்டா வேலையும் போச்சு, ஊடும் போச்சு.”

“ஏப்ரல்ல பரீட்சை மாமா” என்றாள் அக்கா. “அது முடிஞ்சதும் சேந்துக்கறேனே. எழுதிக் கேட்டா குடுக்க மாட்டாங்களா?”

மாமா தரையைப் பார்த்தார். “குடுக்க மாட்டாங்கம்மா. ரூல் அப்பிடி.”

பெரியப்பா தொண்டையைச் செருமினார். “இதுல யோசிக்க என்ன கெடக்கு? பொம்பளப் பிள்ளை பட்டம் வாங்கி என்ன செய்யப் போறா?”

அப்போதுதான் அம்மா பேசினாள். அவள் அந்த மாதிரிப் பேசி நான் கேட்டதில்லை. “வேலை போனா போட்டும். வீடு போனாலும் போட்டும். நான் கேன்டீன்ல மாவாட்டியாவது இவளை ஏப்ரல் வரைக்கும் படிக்க வைப்பேன். அவியளுக்கு இவ படிப்புதான் உசிரு.” பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள். “ஆனா எனக்கு ஒரு வார்த்தை தெரியணும். இவ அப்பாவைக் குடுத்துட்டு நிக்கேன். இன்னொண்ணையும் குடுக்க எனக்குத் தெம்பு கிடையாது. அந்தத் தண்ணிக்கு எதுக்குட்டி போன?”



“அக்கா பூச்சிதாம்மா பாக்குறா” என்றேன் நான். “எனக்குத் தெரியும். கல்லுல வீடு கட்டும். நூல் புடிச்சு ஏறும்...”

“ஏல, சும்மா கெட” என்றார் பெரியப்பா. “தகப்பன் செத்த வீட்ல பூச்சி பாக்காளாம் பூச்சி.”

அம்மா என்னைக் கவனிக்கவில்லை. “இவன் சொல்றது நெசமா? நெசம்னா அப்பா படத்து மேல கை வச்சுச் சொல்லு. ஒரு நாளும் வேற நெனப்போட அங்க போகலைன்னு சத்தியம் பண்ணு. நாளைக்கே நீ காலேஜுக்குப் போ. ஒருத்தரும் தடுக்க மாட்டாவ.”

இவ்வளவு எளிய நடைமுறையை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. கையை உயர்த்தி, கண்ணாடியில் வைத்து, ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பட்டம் அந்த வாக்கியத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அக்கா படத்தைப் பார்த்தாள். விளக்கின் வெளிச்சம் கண்ணாடியில் அடித்ததால் அப்பாவின் முகம் சரியாகத் தெரியவில்லை. அவள் கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டே இருந்தது.

“பாத்தியளா” என்றார் பெரியப்பா, யாரிடமும் இல்லாமல். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“எங்க கையெழுத்துப் போடணும் மாமா?” என்று கேட்டாள் அக்கா.

பொங்கலுக்கு முன் வேலையில் சேர்ந்தாள். பாட்டில்களில் இருந்ததை முற்றத்துச் சாக்கடையில் ஊற்றி, ஒவ்வொன்றையும் வெந்நீரில் கழுவி, கம்பவுண்டரிடமே திருப்பிக் கொடுத்தாள். வெள்ளைக் கோட்டை அம்மா வெட்டி எனக்குப் பள்ளிச் சட்டை தைத்தாள். பல வருஷம் கழித்து அக்கா தபால் வழியில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கினாள். விலங்கியலைத் தபாலில் படிக்க முடியாது. ஆய்வகம் உறைக்குள் அடங்காது. நான் பள்ளி முடித்ததும், கல்லூரிக்குப் போனதும், பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்ததும் அவள் சம்பளத்தில். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த வரன்களின் வீட்டார், கலங்கல் கதையை யாராவது ஒருவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நான் சேர்ந்தது பணியாளர் பிரிவில். முதல் வேலையாகக் கருணை நியமன விதிகளை எடுத்துப் படித்தேன். பொங்கல் கெடு என்று எதுவும் அதில் இல்லை. அந்தக் காலத்து ஆணைகளையும் தேடிப் பார்த்தேன்; ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால் ஏப்ரல் என்ன, அடுத்த ஏப்ரல் வரைக்கும்கூடக் காத்திருந்திருப்பார்கள். குவார்ட்டர்ஸும் அப்படித்தான். மாமாவுக்கு விதி தெரியவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு அதை நானே நம்பவில்லை. எங்கள் வரிசை முழுக்க அவர் வாயில்தான் விதி இருந்தது.

கேட்க எனக்கு நான் ஓய்வுபெறும் காலம் வரைக்கும் பிடித்தது. மாமா அப்போது மகனோடு முகப்பேரில் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். காது மந்தமாகியிருந்ததே தவிர, நினைவு அப்படியே இருந்தது.

“பொய்தான் சொன்னேன் நைனா” என்றார், நான் கேள்வியை முடிக்கும் முன்பே. “ரூல் எனக்குத் தெரியாதா? எருமைக்காரம்மா என்னாண்டயும் வந்து சொல்லிச்சு. எனக்குத் தூக்கம் புடிக்கல. எட்டு மணிக்கு சைரன் ஊதினா எய்ந்து போயே ஆவணும்னு ஒரு எடம் இருந்துச்சுன்னா, அந்தப் பொண்ணு சாவாதுன்னு நெனச்சேன். ஏப்ரல் வரைக்கும் உட்டு வச்சா தண்ணி இய்த்துக்கினு போயிடுமோன்னு பயம். பட்டம் பெருசா, உசுரு பெருசா? நீயே சொல்லு.”

“அவ பூச்சி பாத்தா மாமா. பூச்சி மட்டும்தான் பாத்தா.”

அவர் கையைக் காதருகே குவித்தார். நான் மறுபடி சொல்லவில்லை. அந்த வீட்டில் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வந்தேன்.

இந்த ஐப்பசியில் மாமா இறந்துபோனார். அக்காவுக்குத் தகவல் போய், திருநின்றவூரில் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு முட்டிவலியோடு வந்துவிட்டாள். மாமாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அம்மா இறந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. எடுத்துக்கொண்டு போன பிறகு அவளை ஆட்டோவில் அம்பத்தூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து ரயிலில் ஏற்றி, நானும் கூட ஏறினேன். மழை ஜன்னலில் அடித்தது. திருமுல்லைவாயல் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. கெடு என்பதே பொய் என்று சொன்னேன். அவர் தன் வாயால் ஒப்புக்கொண்டதையும் சொன்னேன்.

“தெரியும்டா” என்றாள். “வேலைக்குச் சேந்த கொஞ்ச நாள்லயே ரூல் புக்கைப் படிச்சுட்டேன். நீ மட்டும்தான் படிப்பியா?”

“தெரிஞ்சுமா அவருக்கு இப்படி அழுதே?”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“அவர் உன்னைத் தப்பா நெனச்சாருக்கா. எல்லாருமே தப்பா நெனச்சாங்க. ஒரு சத்தியம் பண்ணியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். இத்தனை வருஷமா உனக்குத் திமிருன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

ஆவடி வந்தது. கூட்டம் இறங்கியது, ஏறியது. வண்டி நகர்ந்த பிறகுதான் பேசினாள்.

“அம்மா கேட்டது ‘ஒரு நாளும்’னு. முதல் நாள் நான் பூச்சி பாக்கப் போகலடா.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்தாள்.

“கலங்கல் மேல ஏறி நின்னேன். கால் வழுக்கி உக்காந்துட்டேன். முழங்கை கல்லுல தேச்சுச்சு. எழுந்திரிக்கப் பாத்தா, கைக்குக் கீழ கறுப்பா என்னமோ ஆடிக்கிட்டு இருந்துச்சு. என்னன்னு பாக்கலாம்னு குனிஞ்சேன். இருட்டற வரைக்கும் குனிஞ்சே இருந்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்துட்டேன். அவ்வளவுதான்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “மாமா நெனச்சது முதல் நாளைக்குச் சரி. அப்பா படத்து மேல கை வச்சு, சரியில்லைன்னு எப்படிச் சொல்றது?”

“மத்த நாளெல்லாம்?”

“மத்த நாளெல்லாம் பூச்சிதான். ஆனா வழியில எனக்குப் பயமா இருக்கும். மறுபடியும் அந்த நெனப்பு வந்துட்டா என்ன பண்றதுன்னு. அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போனேன்.”

பட்டாபிராம் தாண்டிவிட்டது. அவள் என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்:

“பத்து வயசுப் பையனைக் கரையில தனியா உக்கார வச்சிட்டு எவளாவது போவாளாடா? உனக்கு வீட்டுக்குத் திரும்பிப் போக வழிகூடத் தெரியாது.”